எல்லோருக்கும் டவுன் பஸ் இலவசம் ஆனால் என்ன ஆகும்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2021 முதல் பெண்கள் டவுன் பஸ்ஸில் காசு கொடுக்காமல் போகிறார்கள். லக்சம்பர்க்கில் நாடு முழுக்க எல்லோருக்கும் இலவசம். நம் போக்குவரத்துக் கழகங்கள் எப்படியும் நஷ்டத்தில்தான் ஓடுகின்றன, அந்த நஷ்டத்தை எப்படியும் அரசுதான் சுமக்கிறது. அப்படியானால் ஆண் பெண் பார்க்காமல் எல்லோருக்கும் டிக்கெட்டை எடுத்துவிட்டால் என்ன குடி முழுகிவிடும், ரோட்டில் பைக்காவது குறையுமே என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பணம் எங்கிருந்து வரும், பைக்கில் போகிறவர் பஸ்ஸுக்கு வருவாரா, அப்புறம் யாரும் அதிகம் கேட்காத மூன்றாவது: டிக்கெட் காசு ஒரு பஸ்ஸை ஓட வைப்பதில் இன்று செய்கிற வேலையை நாளைக்கு எது செய்யும்? எனக்கு மூன்றாவதுதான் பெரியது.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றில் கிளையில், அதாவது பஸ் டிப்போவில் ஆரம்பித்து, பிறகு வணிகப் பிரிவில் ஷெட்யூல், வசூல், கட்டணம் என்று பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது பஸ். ரயில், மெட்ரோ பற்றியெல்லாம் நானும் பேப்பர் படித்துத் தெரிந்துகொள்கிற ஆள்தான், அதனால் அவற்றை இதில் இழுக்கப் போவதில்லை.

முதலில் நிச்சயமாகச் சொல்லக்கூடியவை. 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பொறுப்பேற்ற அன்றே கையெழுத்திட்ட உத்தரவுகளில் பெண்களுக்கான இந்த இலவசமும் ஒன்று, மறுநாளே அமலுக்கு வந்தது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும். பிறகு திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள், அவர்களுக்குத் துணையாக வருபவர் என்று விரிந்தது, 2024இல் மலைப்பகுதிகளுக்கும் நீட்டினார்கள். டிக்கெட் காசு போனதற்காகக் கழகங்களுக்கு அரசு தரும் ஈடு ஆரம்பத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். 2025-26 பட்ஜெட்டில் அது 3,600 கோடி. மூன்று மடங்கு. இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு 'பார், கஜானா காலி' என்று ஒரு கூட்டமும், 'பார், எவ்வளவு பேருக்குப் பயன்' என்று இன்னொரு கூட்டமும் பேசுகிறது. இரண்டு பேரும் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பார்ப்பதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பயன் உண்டா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாநிலத் திட்டக் குழு செய்த ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று வந்தது. பஸ் பக்கமே போகாதவர்களுக்கு இது சின்னத் தொகையாகத் தெரியும். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வரவேண்டும். முன்பெல்லாம் அவர் இரண்டாவது பஸ் ஏறாமல் அந்த ஒன்றரை கிலோமீட்டரை நடந்துவிடுவார், இல்லாவிட்டால் பக்கத்தில் கிடைக்கிற குறைந்த சம்பள வீட்டோடு நிறுத்திக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு டிக்கெட் காசு வெறும் செலவு மட்டும் இல்லை, எந்த வீட்டில் வேலை பார்ப்பது என்பதையே அதுதான் தீர்மானித்தது. விடிகாலை முதல் ட்ரிப்பில் மார்க்கெட்டுக்குப் போகிற பூக்காரர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளுக்குத் தினமும் இரண்டு வேளை சாப்பாடு கொண்டுபோகிற தாய், எல்லோருக்கும் இதே கதைதான். அப்புறம் வீட்டில் யாரிடமும் பத்து ரூபாய் கேட்டுக் கை நீட்டாமல் அம்மா வீட்டுக்குப் போய் வரலாம் என்பதற்கு எந்தத் திட்டக் குழுவும் விலை போட முடியாது.

சந்தேகம் எங்கே என்றால், எண்ணிக்கையில். தினமும் 50 லட்சத்துக்கு மேல் பெண்கள் பயணம் செய்கிறார்கள் என்று சொல்கிறார்களே, அது ஜீரோ டிக்கெட் எண்ணிக்கை, அதாவது காசு வாங்காமல் பெண்களுக்கு அடித்துத் தரும் டிக்கெட். மேலே சொன்ன அம்மா ஒருவரே ஒரு நாளில் நாலு டிக்கெட். அதனால் 50 லட்சம் பயணம் என்று சொல்லுங்கள், 50 லட்சம் பெண்கள் என்று சொல்லாதீர்கள். இன்னொன்றும் உண்டு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் இடத்தில் பயணியே ஒரு தணிக்கையாளர், ஒரு ரூபாய் கூடக் கேட்டால் சண்டைக்கு வருவார். ஜீரோ டிக்கெட் ஒன்று அதிகமாக அடிக்கப்பட்டால் யார் கேட்பார்? யாருக்கும் நஷ்டம் இல்லை. தவறு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை, தவறு நடந்தால் தானாகத் தெரியவரும் வழி ஒன்று அடைபட்டுவிட்டது என்கிறேன். அதேபோல, இந்தத் திட்டத்தால் வேலைக்குப் போகும் பெண்கள் இத்தனை பேர் கூடினார்கள் என்று ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் கொஞ்சம் நிதானமாகவே கேளுங்கள். 2021 மே என்பது கொரோனா இரண்டாம் அலையின் நடு. அதற்குப் பிறகு எல்லாமே கூடத்தான் செய்தது. எவ்வளவு பஸ்ஸால், எவ்வளவு ஊர் திறந்ததால் என்று பிரிப்பது லேசில்லை.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. ராத்திரி பத்தரை மணிக்கு ஏதாவது ஒரு கிளையின் கேஷ் கவுண்டர் எப்படி இருக்கும் என்றால், நடத்துநர் தோல் பையைக் கவிழ்த்து, நசுங்கிப்போன பத்து ரூபாய் நோட்டுகளை நீவி அடுக்கி, சில்லறையை எண்ணி, டிக்கெட் மிஷின் கொடுத்த கணக்குச் சீட்டோடு ஒப்பிட்டுக் கட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுக்கப் போவார். மறுநாள் காலையில் கிளை மேலாளர் மேஜைக்கு ஒரு தாள் வரும். ஒவ்வொரு ஷெட்யூலும், அதாவது ஒரு வண்டிக்கு அன்று போட்ட ஓட்டம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, வசூல் எவ்வளவு, கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய். அன்றைக்கு ஓட்டுநர் இரண்டு பேர் வரவில்லை, ஒரு வண்டி பிரேக்டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ட்ரிப்பைக் கட் பண்ணுவது? அந்தத் தாளைப் பார்த்துத்தான். எந்தத் தடத்தில் கூட்டம் பிதுங்குகிறது, எங்கே கூடுதல் வண்டி போட்டால் நிறையும், மதியம் எந்தச் சுற்று காற்று வாங்குகிறது, எல்லாம் அந்தத் தாள்தான் சொல்லும். நல்ல முறை என்று சொல்லவில்லை. ஏழைகள் இருக்கிற தடத்தில் வசூல் எப்போதும் குறைவுதான், அதனால் அந்தத் தடம்தான் எப்போதும் வெட்டுப்படும். ஆனால் ஒரு முறை இருந்தது, பயணி ஏறினால் அது அலுவலகத்தில் ரூபாயாகத் தெரிந்தது.

பெண்களுக்கு இலவசம் வந்ததும் அந்தத் தாளில் பாதி மறைந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் அதற்கு முன்பு பெண்கள் ஏறக்குறைய 40 சதவீதம், பிறகு 60ஐத் தாண்டிவிட்டார்கள். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் வசூலை ஒட்டிப் படி, அதாவது சம்பளத்துக்கு மேல் ஒரு ஊக்கத்தொகை, தருகிற வழக்கம் நம் கழகங்களில் நெடுநாளாக இருக்கிறது. ஸ்டாப்பில் பத்துப் பெண்கள் நிற்கிறார்கள், ஏறினால் வண்டி கனக்கும், நேரம் போகும், படிக்கு ஒன்றும் சேராது. பஸ் பத்தடி தள்ளிப் போய் நிற்கிறது, அல்லது நிற்காமலே போகிறது என்று முதல் இரண்டு வருடங்களில் வந்த புகார்களுக்கு ஓட்டுநரின் குணத்தை மட்டும் காரணம் சொன்னவர்கள் அந்தத் தாளைப் பார்த்ததில்லை. சுற்றறிக்கை அனுப்பி, ஆளை சஸ்பெண்ட் செய்து கொஞ்சம் சரிசெய்யலாம். ஆனால் பணம் ஒரு பக்கம் இழுக்கும்போது சுற்றறிக்கை எவ்வளவு தூரம் இழுக்கும்?

அரசு ஈடு தருகிறதே என்பீர்கள். தருகிறது. ஆனால் எதை எண்ணித் தருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டெல்லியில் 2019 அக்டோபரில் பெண்களுக்கு இலவசம் கொண்டுவந்தபோது அவர்களுக்குத் தரும் ஒரு பிங்க் டிக்கெட்டுக்கு அரசின் ஈடு பத்து ரூபாய் என்று வைத்தார்கள். இங்கேயும் ஜீரோ டிக்கெட் கணக்குதான் ஈடுக்கு அடிப்படை. டிக்கெட்டை எண்ணிப் பணம் தந்தால், 1,200 கோடி 3,600 கோடி ஆவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. முன்பு நடந்துபோனவர் இப்போது ஏறுகிறார், அவருக்கும் சேர்த்து ஈடு. அவர் ஏறியதால் பஸ்ஸுக்கு ஆன கூடுதல் செலவு எவ்வளவு? மதியம் காலியாகப் போகிற வண்டியில் ஏறினால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. காலை எட்டரைக்கு ஏறினால், அவரைப் போல ஐம்பது பேருக்கு இன்னொரு வண்டி, இன்னொரு ஓட்டுநர், இன்னொரு நடத்துநர் வேண்டும். ஆனால் இரண்டு டிக்கெட்டுக்கும் ஈடு ஒன்றுதான். அதனால் அந்த 3,600 கோடியில் கணிசமான பகுதி அரசு தன் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவது, உண்மையான செலவு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். தேவையான கூடுதல் வண்டிகளை வாங்கியிருந்தால் அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். எவ்வளவு எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால்தான் இரண்டு கட்சியும் சண்டை போடுவதில் அர்த்தம் உண்டு.

'எப்படியும் நஷ்டம்தானே' என்று எழுதியிருந்தீர்கள். எல்லா பஸ்ஸும் ஒரே மாதிரி நஷ்டம் இல்லை. டவுன் பஸ் நெடுங்காலமாகவே கையைக் கடிக்கும், புறநகர் வெளியூர் வண்டிகள்தான் அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பும். 2018 ஜனவரிக்குப் பிறகு இங்கே சாதாரண பஸ் கட்டணம் ஏறவில்லை. டீசல் ஏறியது, சம்பளம் ஏறியது. மீதியை மானியத்தாலும், கடனாலும், இன்னொரு வழியாலும் சமாளித்தார்கள். அந்த இன்னொரு வழி, தரவேண்டியதைத் தள்ளிப்போடுவது. ஓய்வு பெற்றவர்களின் அகவிலைப்படி பாக்கி உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகத்தான் 2024 ஜனவரியில் பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஸ்டிரைக் நடந்தது. புது வண்டி வாங்குவதும் அப்படித்தான் தள்ளிப்போனது. அதே வருடம் ஏப்ரலில் திருச்சியில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து நடத்துநர் இருக்கையோடு வெளியே போய் விழுந்தார், எல்லோரும் வீடியோ பார்த்துச் சிரித்தோம், சிரிக்கிற விஷயமா அது? நஷ்டத்தை அரசு சுமக்கிறது என்பது பாதி உண்மை. மீதியை ஓய்வு பெற்ற தொழிலாளியும், ஓட்டை வண்டியில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிற பயணியும் சுமக்கிறார்கள். டிக்கெட்டை முழுக்க எடுத்துவிட்டு, ஈட்டுத் தொகை ஒரு காலாண்டு தாமதமானால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்று எப்படியோ தினமும் ராத்திரி கவுண்டரில் விழுகிற ரொக்கம் இருக்கிறது, மறுநாள் டீசலுக்கு அது ஆகிறது. அந்த ரொக்கம் நின்றால் கிளை முழுக்க முழுக்க நிதித்துறையின் கையெழுத்துக்குக் காத்திருக்கும்.

லக்சம்பர்க் விஷயத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரி 29இல் ஆரம்பித்தார்கள், ரயிலில் முதல் வகுப்பு மட்டும் காசு. அவர்களுக்கு டிக்கெட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது ஆண்டுக்கு சுமார் 4.1 கோடி யூரோ, மொத்தச் செலவு 50 கோடி யூரோ பக்கம். பன்னிரண்டில் ஒரு பங்கு. அதை விட்டுக்கொடுப்பது அந்தப் பணக்கார நாட்டுக்குக் கைச்செலவு. பிரான்சில் டன்கர்க் என்ற துறைமுக நகரமும் அப்படித்தான், 2018 செப்டம்பரில் இலவசம் ஆக்கும்போது டிக்கெட் வருமானம் செலவில் பத்து சதவீதம் அளவுதான். அங்கே 11 பேரும் அதற்கு மேலும் வேலைக்கு வைத்திருக்கிற நிறுவனங்கள் சம்பளத் தொகையில் ஒரு பங்கைப் போக்குவரத்து வரியாகக் கட்டுகின்றன, பஸ்ஸின் முதுகெலும்பே அந்த வரிதான். நம் ஊரில் பயணி தரும் காசும், பயணிக்காக அரசு தரும் ஈடும்தான் கழகத்தின் பெரிய வருமானம். பத்து சதவீதத்தை எடுப்பதும் பாதியை எடுப்பதும் ஒன்றாகுமா?

டன்கர்க்கில் பயணிகள் வார நாளில் 60 சதவீதம் வரை கூடினார்கள், வார இறுதியில் இரட்டிப்புக்கும் மேல். இலவசத்தை ஆதரிக்கிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். அதே நாளில் அந்த ஊர் பஸ் தடங்களை முழுக்க மாற்றி அமைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் விரைவுத் தடங்களைப் போட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். கூட்டம் இலவசத்தால் வந்ததா, பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸால் வந்ததா? இரண்டும்தான், விகிதம் யாருக்கும் சரியாகத் தெரியாது. பெல்ஜியத்தில் ஹாசெல்ட் என்ற சின்ன நகரம் 1997இல் இலவசமாக்கியது, பயணிகள் பத்து மடங்குக்கு மேல் கூடினார்கள், அங்கேயும் தடங்களை விரித்தார்கள், வண்டிகளைக் கூட்டினார்கள். செலவு ஏறிக்கொண்டே போய், 2013இல் கைவிட்டார்கள்.

அதே 2013இல் எஸ்தோனியாவின் தலைநகரம் தாலின் ஆரம்பித்தது, இன்றும் பேசப்படுகிறது. அங்கே மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தித்தான் கொண்டுவந்தார்கள், அதுவும் அந்த நகரத்தில் பதிவு செய்த குடிமக்களுக்கு மட்டும். பதிவு செய்தால் அவர் கட்டும் வருமான வரியில் ஒரு பங்கு நகராட்சிக்கு வரும். பஸ் இலவசத்துக்காகவே பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பெயரைப் பதிந்தார்கள், டிக்கெட்டில் போனதில் பெரும்பகுதி வரியில் வந்துவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் பக்கத்து ஊராட்சியின் பணம் அது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில் பொதுப் போக்குவரத்தின் பங்கு 14 சதவீதம் கூடியிருந்தது. எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் சுவாரசியம். நடை 40 சதவீதம் குறைந்திருந்தது. கார் கொஞ்சம்தான் குறைந்தது. நடந்து போனவர்கள் ஏறினார்கள், காரில் போனவர்கள் பெரும்பாலும் காரிலேயே போனார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, உங்கள் பைக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல், ஐம்பது கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். பத்து கிலோமீட்டர் போக இருபது ரூபாய், சர்வீஸ், இன்சூரன்ஸ், மாதத் தவணை தனி. சாதாரணக் கட்டண ஒயிட் போர்டு பஸ்ஸில் அதே தூரம் அதைவிடக் குறைவு. ஏற்கெனவே பஸ்தான் மலிவு, அப்படியும் நீங்கள் பைக்கில் போகிறீர்கள். ஏன்? பஸ் எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் ஏற முடியுமா என்று தெரியாது, இரண்டாவது பஸ் மாறும் இடத்தில் நிழல்கூட இருக்காது. அந்த இருபதைப் பத்தாக்கி, பத்தைப் பூஜ்யமாக்கினாலும் நீங்கள் அந்த ஸ்டாப்பில் நிற்க மாட்டீர்கள். கட்டணம் பத்து சதவீதம் குறைந்தால் பயணிகள் மூன்று சதவீதம் கூடுவார்கள் என்று எங்கள் தொழிலில் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு, அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் ஊருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, பூஜ்யத்துக்கு இறங்குவதும் பத்து சதவீதம் குறைப்பதும் ஒன்றில்லை. ஆனால் திசை சரி. பைக்கில் போகிறவரை இறக்க வேண்டுமானால் காத்திருக்கிற நேரத்தைக் குறைக்க வேண்டும், அதற்குப் பணம் வண்டியில் போட வேண்டும். பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கோ கட்டணம்தான் தடையாக இருந்தது, அதை எடுத்தார்கள், அவர் ஏறினார். ஒரே மருந்து இரண்டு பேருக்கும் வேலை செய்யாது.

சரி, காலை எட்டரைக்கு என்ன ஆகும்? இன்றே படிக்கட்டில் பள்ளிப் பையன்கள் தொங்குகிறார்கள். எல்லோருக்கும் இலவசம் என்றால் இரண்டு ஸ்டாப் நடக்கிறவன் ஏறுவான், ஷேர் ஆட்டோவில் போகிறவன் ஏறுவான். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11இல் சக்தி திட்டம் தொடங்கி, வெளியூர் சாதாரண வண்டிகளிலும் பெண்களுக்கு இலவசம் என்றதும் தர்மஸ்தலாவுக்கும் மற்ற கோயில்களுக்கும் போகிற பஸ்களில் முதல் வாரங்களில் நிற்க இடம் இல்லை. பெங்களூர் நகர பஸ்களைத் தவிர மற்றவற்றில் பாதி இருக்கையை ஆண்களுக்கு என்று ஒதுக்க வேண்டியிருந்தது. செப்டம்பரில் ஆட்டோ, டாக்ஸி, தனியார் பஸ்காரர்கள் பெங்களூரில் பந்த் நடத்தினார்கள். 2025 ஜனவரியில் கட்டணம் 15 சதவீதம் ஏறியது, ஏற்றத்தைக் கையிலிருந்து கட்டியது ஆண் பயணிகள். இதையெல்லாம் வைத்து அந்தத் திட்டம் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன், கோயிலுக்குப் போவதும் பயணம்தான், ஆயுசு முழுக்க அடுப்படியில் இருந்தவர் ஒருமுறை தர்மஸ்தலா மஞ்சுநாதரைப் பார்த்துவிட்டு வந்தால் யாருக்கு என்ன? ஆனால் வண்டி எண்ணிக்கை கூடாமல் இலவசம் கூடினால் நெருக்கடி எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது நல்ல பாடம்.

எல்லோருக்கும் இலவசம் என்பதில் ஒரு உண்மையான லாபம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது நம் முறையில் பெண்ணுக்கும் ஜீரோ டிக்கெட் அடிக்க வேண்டும், ஆணுக்கும் டிக்கெட் கிழிக்க வேண்டும், மிஷின், பேப்பர் ரோல், செக்கிங் இன்ஸ்பெக்டர், கேஷ் கவுண்டர் எல்லாம் அப்படியே இருக்கிறது. பாதிப் பேருக்கு இலவசம் என்றால் வசூலிக்கும் செலவில் பாதி குறையாது, ஒன்றுமே குறையாது. முழு இலவசத்தில் அது போகும். ஆனால் பெரிய செலவு நடத்துநர் சம்பளம். அவரை எடுத்துவிடலாமா? நெரிசலான டவுன் பஸ்ஸில் பின்படியில் கடைசி ஆள் ஏறினாரா என்று பார்த்து விசில் கொடுப்பதும், கூட்டத்தில் பெண்ணிடம் எவனாவது வாலாட்டினால் சட்டையைப் பிடிப்பதும், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி நிற்பதும் அவர்தான். தானியங்கிக் கதவு உள்ள வண்டிகளில் யோசிக்கலாம். இன்றைய நம் வண்டிகளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அப்படியானால் நான் என்ன செய்வேன்? பெண்களுக்கான இலவசத்தைத் தொடமாட்டேன். பணம் தரும் முறையை மாற்றுவேன். டிக்கெட்டை எண்ணித் தருவதை நிறுத்திவிட்டு, சாதாரண டவுன் பஸ் இந்தத் தடத்தில் காலை ஏழு முதல் பத்து வரை இத்தனை நிமிடத்துக்கு ஒன்று ஓட வேண்டும், ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு, ட்ரிப் கட் ஆனால் பிடித்தம் என்று எழுதிக்கொள்வேன். சென்னையில் 2025இல் வந்த மின்சார பஸ்களில் தனியார் நிறுவனத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில்தான் பணம் போகிறது, அவர்களோடு போடுகிற ஒப்பந்தத்தை அரசு தன் சொந்தக் கழகத்தோடு போட்டுக்கொள்வதில் என்ன சிரமம்? படியையும் வசூலிலிருந்து பிரித்து நேரம் தவறாமல் ஓடிய ட்ரிப்போடு சேர்த்துவிட்டால், ஸ்டாப்பில் யார் நிற்கிறார்கள் என்று ஓட்டுநர் பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது.

ஆண்களில் யாருக்குக் கட்டணம் உண்மையிலேயே தடை என்று பார்த்து விரிக்கலாம். சென்னையில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாதம் பத்து டோக்கன் தருகிறார்கள், பத்து! ஒரு பெரியவர் ஐந்து தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் தீர்ந்தது. காலை பத்தரை முதல் மாலை நாலு வரை எல்லா முதியவருக்கும் சும்மா விட்டால் கழகத்துக்குப் பத்துப் பைசா கூடுதல் செலவு ஆகாது, அந்த நேரத்தில் வண்டி காலியாகத்தான் போகிறது. மற்ற ஆண்களுக்கு மலிவான மாதச் சீட்டு போதும் என்பது என் கருத்து. ஜெர்மனியில் 2022 கோடையில் மூன்று மாதம் 9 யூரோ சீட்டு கொடுத்தார்கள், 5 கோடிக்கு மேல் விற்றது. பிறகு அது 49 ஆகி, 2025இல் 58 ஆகி, 2026இல் 63 ஆகி, இன்னும் விற்கிறது. ஜனங்களுக்குப் பிடித்தது விலை மட்டும் இல்லை, எந்த வண்டியில் வேண்டுமானாலும் யோசிக்காமல் ஏறலாம் என்பதும்தான். சென்னையில் 1,000 ரூபாய் மாதச் சீட்டு ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பாதியாக்கி எல்லா ஊருக்கும் கொண்டுபோனால் உங்களைப் போல பைக்கில் போகிறவர்களில் சிலராவது வாரத்தில் இரண்டு நாள் முயன்று பார்ப்பார்கள்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு விஷயம். கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் தனியார் டவுன் பஸ் நிறைய. ஸ்டாப்பில் தனியார் வண்டி வரும்போது ஆண்கள் ஏறிப் போய்விடுவார்கள், பெண்கள் பின்னால் வரும் அரசு பஸ்ஸுக்கு நிற்பார்கள். காசு தருகிறவர்கள் முன்னால் போய்விட, மிச்சக் கூட்டம் முழுக்க அரசு பஸ்ஸில். அந்தக் கிளையின் வசூல் தாளைப் பார்த்தால் தடமே தேறாது என்று தோன்றும், வண்டியில் கால் வைக்க இடம் இருக்காது. மினி பஸ் மட்டுமே போகிற கிராமங்களில் கதை இன்னும் மோசம். 2025இல் புதிய மினி பஸ் திட்டம் வந்தது, அதுவும் தனியார் வண்டி, கட்டணம் உண்டு. அந்த ஊர்ப் பெண்ணுக்கு 2021இல் எதுவும் மாறவில்லை. கிலோமீட்டருக்குப் பணம் தரும் முறை வந்தால் அந்த மினி பஸ்காரருக்கும் அதே கணக்கில் தந்து அந்தத் தடத்தையும் உள்ளே கொண்டுவரலாம். இப்போதுள்ள முறையில் அதைச் செய்ய வேண்டுமானால் தனியார் வண்டியின் டிக்கெட் மிஷின் காட்டுகிற ஜீரோ டிக்கெட் எண்ணிக்கையை நம்பிக் கோடிகளைத் தர வேண்டியிருக்கும், அதற்கு எந்த நிதித்துறை அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார்.